கொள்ளிக்கு முந்திய நாட்கள்

கல்கத்தாவின் கிதிர்ப்பூரில் வீடு, சதர் திவானி அதாலத்தில் வக்கீல் தொழில், ஜெஸ்ஸோர் மாவட்டத்துச் சாகர்தாரி கிராமத்தில் பரம்பரை நிலம் என்று செழிப்பாக வாழ்ந்தவர் ராஜ்நாராயண் தத்தர். அவருக்கும் ஜாஹ்னவி தேவிக்கும் பிறந்த ஆண் பிள்ளைகளில் மற்றவர்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட, மிஞ்சியவன் மதுசூதனன் ஒருவன்தான். அந்த ஒரே மகன் 1843 பிப்ரவரி 9 அன்று, பத்தொன்பது வயதில், கல்கத்தாவின் பழைய மிஷன் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றான். வீட்டார் வந்து தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து, அதற்கு முந்தைய சில நாட்கள் அவனை வில்லியம் கோட்டைக்குள் வைத்திருந்தார்கள். பின்னாளில் வங்க இலக்கியத்தின் போக்கையே திருப்பிய மைக்கேல் மதுசூதன் தத்தர் அவர்.

அவர் மதம் மாறியதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. முன்பின் பழகியிராத ஒரு சிறுமியை அவருக்குக் கட்டிவைக்க வீட்டில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து போய் ஆங்கிலக் கவிஞராகப் பெயரெடுக்க வேண்டும் என்ற தாகமும் இருந்தது. காரணம் எதுவானாலும் தகப்பனுக்கு நேர்ந்த இழப்பு ஒன்றேதான். ஆனாலும் ராஜ்நாராயணர் உடனே கைகழுவிவிடவில்லை. கிறிஸ்தவனாகிவிட்ட மகன் பிஷப்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது செலவுக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான். கிரேக்கமும் லத்தீனும் மகனுக்கு வாய்த்தது அந்த இந்துத் தகப்பனின் சம்பாத்தியத்தில். சில ஆண்டுகளில் அந்த உதவி நின்றது. இன்னொரு மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையில் அவர் மறுமணம் செய்துகொண்டார். பிள்ளை பிறக்கவில்லை.

1848 ஜனவரியில் மதுசூதனர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஆண் அநாதைகள் காப்பகப் பள்ளியில் ஆசிரியர் வேலை, ரெபெக்காவுடன் திருமணம், பத்திரிகைத் தொழில், 1849-ல் இங்கேயே அச்சான முதல் ஆங்கிலக் கவிதை நூல் என்று எட்டு ஆண்டுகள் சென்னையில் கழிந்தன. 1851-ல் கல்கத்தாவில் தாய் இறந்தார். 1855 ஜனவரியில் தந்தையும் இறந்தார். தந்தை இறந்த செய்தி மகனுக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதையும் உறவினர் யாரும் சொல்லவில்லை. கல்லூரி நண்பர் கௌர்தாஸ் பசாக் எழுதிய கடிதம்தான் சொன்னது. சொத்துக்காக உறவினர்கள் அடித்துக்கொள்கிறார்கள், உடனே வா என்பது கடிதத்தின் சாரம்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் இடம் அந்த ஓராண்டுதான். ராஜ்நாராயணர் படுக்கையில் விழுந்தபோது, மகன் எங்கே என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. மகனும் தேடவில்லை. மதம் மாறிய பிள்ளை, இந்துவாகவே இறக்கும் பெற்றோர் என்ற உறவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு கொள்ளியில் போய் நிற்கிறது. யார் தீ வைப்பது, யார் பிண்டம் போடுவது என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது. அதற்கு முந்திய மாதங்கள், மருந்தும் மலஜலமும் இரவுக் கண்விழிப்பும் நிறைந்த நாட்கள், கணக்கிலேயே வருவதில்லை. இந்த உறவில் உண்மையான இழப்பு அந்த நாட்களில்தான் நேர்கிறது.

கொள்ளிக்கு இத்தனை கனம் வந்தது பாசத்தால் மட்டும் அல்ல. சட்டமும் அதன் பின்னால் நின்றது. வங்காளத்தில் வழக்கில் இருந்த தாயபாக முறையில், ஜீமூதவாகனர் வகுத்தபடி, வாரிசுரிமை ஆன்மிகப் பயனோடு பிணைக்கப்பட்டிருந்தது. இறந்தவருக்குப் பிண்டம் கொடுத்து நற்பயன் சேர்க்க வல்லவரே சொத்துக்கு உரியவர். தென்னாட்டில் செல்லுபடியான மிதாட்சர முறை இரத்த நெருக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. அங்கும், சாதியிலிருந்து நீக்கப்பட்டவன் பங்கை இழப்பான் என்ற விதி இருந்தது. ஆகவே மதம் மாறிய மகன் ஒரே நாளில் இரண்டையும் இழந்தான். அப்பாவுக்குத் தீ வைக்கும் உரிமை போனது, அப்பாவின் நிலத்தில் பங்கும் போனது. சில வீடுகளில், மாறிய பிள்ளை இறந்துவிட்டதாகவே வைத்து உயிரோடிருக்கும்போதே கருமம் செய்து முடித்தார்கள்.

டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் இந்த முடிச்சின் ஒரு இழையை அறுத்தது. மதம் மாறியதாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ யாரும் வாரிசுரிமையை இழக்க மாட்டார்கள் என்றது அது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்துப் பிரமுகர்கள் எதிர்ப்பு மனுக்கள் அனுப்பினார்கள். அவர்களுடைய வாதத்தை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சொத்தும் கடமையும் சேர்ந்தே மகனிடம் வருகின்றன. கடமையைச் செய்ய மறுப்பவனுக்குச் சொத்தை மட்டும் கொடுத்தால் செத்தவனின் கதி என்ன என்று அவர்கள் கேட்டார்கள். அரசாங்கத்திடம் இதற்குப் பதில் இல்லை. மனசாட்சிக்காக ஒருவன் சொத்தை இழக்கக் கூடாது என்ற கொள்கை சரியானதுதான். ஆனால் மரணப் படுக்கையில் கிடக்கும் தகப்பனின் பயத்தை எந்தச் சட்டப் பிரிவாலும் போக்க முடியாது.

மதுசூதனருக்கு அந்தச் சட்டம் கைகொடுத்தது. ரெபெக்காவையும் நான்கு பிள்ளைகளையும் சென்னையில் விட்டுவிட்டு அவர் 1856 பிப்ரவரியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். போலீஸ் கோர்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே வழக்காடி, தந்தையின் சொத்தை மீட்டார். வீடும் நிலமும் வந்தன. அப்பா இல்லை, அம்மா இல்லை, இருவரையும் கடைசியாகப் பார்த்த நினைவும் இல்லை.

1861-ல் வந்த அவருடைய பெருங்காப்பியம் மேகநாத வதம். இராவணன் மகன் இந்திரஜித்து கொல்லப்படுவதுதான் கதை. ஒன்பது சருக்கங்களில் கடைசிச் சருக்கம் முழுவதும் ஈமச் சடங்கு. இராமனிடம் ஏழு நாள் போர்நிறுத்தம் கேட்டு வாங்கி, கடற்கரையில் சிதை அடுக்கி, மகனையும் உடன்கட்டை ஏறும் மருமகளையும் எரித்துவிட்டு நிற்கிறான் இராவணன். தகப்பனுக்கு மகன் செய்ய வேண்டியதை மகனுக்குத் தகப்பன் செய்கிறான். தந்தையின் சிதையருகே நிற்காத ஒரு கிறிஸ்தவக் கவிஞர், தந்தை இறந்த ஆறே ஆண்டுகளில், மகனை இழந்து கதறும் தந்தையின் குரலில் தம் மொழியின் மிகப் பெரிய காவியத்தை முடித்தார். கவிஞரின் வாழ்க்கையைக் கவிதைக்குள் தேடுவதில் அபாயம் உண்டு என்பது தெரிந்ததே. ஆயினும் உயிரோடிருந்த மகனை இழந்தவர் ராஜ்நாராயணர் என்பதையும், அந்த இழப்பை வெளியிலிருந்து எழுதியிருக்கவே முடியாது என்பதையும் மறந்து அந்தச் சருக்கத்தைப் படிப்பது கடினம். தம் கல்லறைக்கென அவரே எழுதி வைத்த வங்கக் கவிதையிலும் சாகர்தாரியையும் தாய், தந்தை இருவரின் பெயரையும் சொல்லியிருக்கிறார். 1873-ல் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யக் கிறிஸ்தவக் குருமாரே தயங்கினார்கள். பிஷப்பின் அனுமதிக்குக் காத்திராமல் ஒரு பாதிரியார் முன்வந்த பிறகுதான் அடக்கம் நடந்தது.

இதுவரை பார்த்தது தகப்பன் பக்கத்துப் பயம். மகன் பக்கத்துப் பயம் வேறு. அம்மா, அப்பா எங்கே போவார்கள் என்பது அது.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகப் பதிவானது இந்தியாவில் அல்ல, ஜப்பானில். ஆனால் பதிவு செய்தவர் தமிழருக்கு நன்கு தெரிந்தவர். முத்துக்குளித்துறையில் பரவர்களுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த பிரான்சிஸ் சவேரியார் 1549-ல் ஜப்பான் போய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கே கிறிஸ்தவர்களானவர்களின் துயரத்தைச் சொல்கிறார். செத்துப்போன பெற்றோரும் முன்னோரும் நரகத்தில் இருக்கிறார்களா, தானதர்மமோ ஜெபமோ செய்து அவர்களை மீட்க முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். முடியாது என்றார் சவேரியார். அவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. தமக்கும் வருத்தமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். தம் இறையியலில் உறுதியாக நின்ற மனிதர், அதன் விலையை எதிரில் அழுபவர்களின் முகத்தில் பார்த்துவிட்டு அதை மறைக்காமல் எழுதியதுதான் அந்தக் கடிதத்தின் பெருமை.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை வெளிப்படையாக மாறியது. தம் குற்றத்தால் அல்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. புராட்டஸ்டன்ட் சபைகளில் ஒரே குரல் கிடையாது. விசுவாச அறிக்கை இல்லாமல் மீட்பில்லை என்று பிரசங்கிக்கும் சபைகளும், தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடும் சபைகளும் ஒரே தெருவில் இருக்கின்றன. எந்தச் சபையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே, மதம் மாறிய பிள்ளை அம்மாவின் கட்டிலருகே என்ன மனநிலையோடு உட்கார்கிறார் என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

கடைசி நேர ஞானஸ்நானம் என்ற சங்கடமும் அங்கேதான் எழுகிறது. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (865-ஆம் விதி) இதில் தெளிவாக இருக்கிறது. சாகும் தறுவாயில் உள்ள வயதுவந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்றால் அவருக்கு முக்கியமான விசுவாச உண்மைகள் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதைப் பெறும் விருப்பத்தை அவர் ஏதாவது ஒரு விதத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கிறிஸ்தவ ஒழுக்கத்தின்படி நடப்பதாக வாக்கும் கொடுக்க வேண்டும். ஒருநாளும் கேட்காத அப்பா நினைவிழந்த பிறகு அவர் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதற்கு அந்த விதியில் இடமில்லை. சபை எதுவானாலும் இந்த விதியின் அடிப்படை நியாயம் எல்லோருக்கும் பொருந்தும். நா குழறும் மனிதரிடம் ஒரு வார்த்தையைக் கறந்து, அதை விசுவாசம் என்று சபையில் சாட்சி சொல்வது, அவர் எண்பது வருடம் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு நொடியில் பறிப்பதாகும். அவராகவே கேட்டால் அது வேறு. தடுக்க எவருக்கும் உரிமையில்லை, இந்து உறவினருக்கும் இல்லை.

மரணப் படுக்கையருகே இருந்த பிள்ளை எதைச் சுமந்து போகிறது என்பதற்குப் பண்டித ரமாபாயின் வாழ்க்கை நல்ல சான்று. அவர் கிறிஸ்தவரானது 1883 செப்டம்பரில், இங்கிலாந்தின் வாண்டேஜில். பெற்றோர் இறந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1874-ல். ஆகவே இறக்கும் தாய் தந்தையின் பக்கத்தில் இருந்தவர் அப்போது இந்துப் பெண். அந்த மரணங்களைப் பின்னாளில் எழுதியவர் கிறிஸ்தவப் பெண். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன் பிராமணர். மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்தவர். லட்சுமிபாய்தான் மகளுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். ஊர் ஊராகப் புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம் பஞ்சத்தில் சிக்கியது. பாத்திரங்களையும் நகைகளையும் விற்றுத் தின்று தீர்த்து, பிச்சை கேட்க மனமில்லாமல் திருப்பதிப் பக்கத்துக் காட்டுக்குள் போய், இலைகளைத் தின்று நாட்களைக் கடத்தினார்கள். கண்பார்வை மங்கிப்போன தந்தை புனிதக் குளத்தில் மூழ்கி உயிரை விட முடிவெடுத்தார். பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக விடைபெற்றார். கடைக்குட்டியான ரமாபாயை அணைத்து, உன்னைக் கடவுள் கையில் ஒப்படைத்துவிட்டேன், நீ அவருக்கே உரியவள், ஆயுள் முழுக்க அவருக்கே ஊழியம் செய் என்ற பொருள்பட அழுதுகொண்டே சொன்னார். எந்தக் கூலி வேலையும் செய்து காப்பாற்றுகிறேன் என்று மகன் சீனிவாசன் கெஞ்சியதால் குளத்தில் மூழ்குவது நின்றது. ஆனால் பட்டினியும் காய்ச்சலும் சில நாட்களிலேயே அவரைக் கொண்டுபோயின.

சில மாதங்களில் தாயும் பட்டினியால் இறந்தார். பாடை தூக்க ஆளில்லை. பஞ்சத்தில் வெளியூர்ப் பிராமணக் குடும்பத்துக்குத் தோள் கொடுக்க யார் வருவார்கள்? பெரும் பாட்டுக்குப் பின் இரண்டு பேர் வந்தார்கள். சீனிவாசனோடு மூன்று பேர் ஆனார்கள். நாலாவது ஆளாக ரமாபாய் நின்றார். குள்ளமான உருவம் என்பதால் தோளில் தாங்கினால் பாடை சரிந்தது. தலையில் வைத்துச் சுமந்து சுடுகாடு வரை போனார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத குலத்தில், ஆண்கள் இல்லாமல் போனதால் மட்டுமே, ஒரு மகளுக்கு அந்த இடம் கிடைத்தது.

கிறிஸ்தவரான பிறகு இதையெல்லாம் எழுதும்போது தெய்வ வழிபாட்டையும் தீர்த்த யாத்திரையையும் அவர் கடுமையாகவே விமர்சிக்கிறார். குடும்பம் நம்பியிருந்த தெய்வங்கள் காப்பாற்றவில்லை என்று சொல்லத் தயங்குவதில்லை. ஆனால் அப்பாவின் கடைசிச் சொற்களை மட்டும் அவர் கைவிடவில்லை. அவை தமக்கு இடப்பட்ட கட்டளை என்றும், அதை நிறைவேற்றிக்கொண்டிருப்பதாகவும் எண்ணினார். அனந்த சாஸ்திரி சொன்ன கடவுளும் ரமாபாய் வழிபட்ட கடவுளும் ஒன்றா என்று இறையியல் அறிஞர்கள் வாதாடலாம். மகள் அந்த வாதத்துக்குள் போகவில்லை. சாகும் தகப்பன் சொன்னதை மீறித்தான் இந்த வழிக்கு வந்தோம் என்று அவர் நினைக்கவே இல்லை. அருகில் இருந்து கேட்டவர் என்பதால் இது முடிந்தது. சென்னையில் இருந்த மதுசூதனருக்கு இது கிடைக்கவில்லை. அவர் அந்த உறவைக் காவியத்தில்தான் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. பெரும்பாலோர் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். ஆனால் பெற்றோர் இந்துக்களாக இருக்க, தாம் மட்டும் மாறியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்த வீடுகளில் நோயாளி கேட்கும் முதல் கேள்வி இறையியல் சார்ந்தது அல்ல. ‘எனக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கா?’ என்பதுதான். மகன் மாறினால் வீடே இடிந்ததாகப் புலம்பும் குடும்பம், மகள் மாறும்போது அவ்வளவு புலம்புவதில்லை. கொள்ளி ஏற்கனவே அவளுக்குக் கிடையாது. மாறியதால் அவளிடமிருந்து பறிக்க அங்கே எதுவுமில்லை. ஆனால் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவதும், கஞ்சியை வடிகட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் அவள் தலையில்தான் விழுகிறது. சடங்கில் இடமில்லாதவளிடம் பராமரிப்பு முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, சடங்கில் இடமுள்ளவனோடு மல்லுக்கு நிற்கிறது குடும்பம்.

நடைமுறையில் வழிகள் இல்லாமல் இல்லை. தம்பியோ பங்காளியோ கொள்ளிச்சட்டி தூக்குகிறார். மாறிய மகன் பாடைக்குத் தோள் கொடுக்கிறார், கூடவே சுடுகாடு வரை நடக்கிறார், செலவை ஏற்கிறார். நீர்மாலைக்குப் போகாமல் வீட்டு வாசலில் வருகிறவர்களை வரவேற்று நிற்கிறார். வாய்க்கரிசி போடலாமா என்று கேட்டால் ஒரு போதகர் கூடாது என்பார், இன்னொருவர் அது வழிபாடு அல்ல, விடைகொடுப்பு என்பார். பதினாறாம் நாள் படையலில் கைவைக்காமல், பந்தியில் பரிமாறுகிற பிள்ளைகளும் உண்டு. இவற்றையெல்லாம் அப்பா உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே அவரிடமும் பங்காளிகளிடமும் பேசி வைத்த குடும்பங்களில் சாவு வீட்டில் சண்டை வருவதில்லை. பேசாமல் விட்ட வீடுகளில் பிணத்தை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நடக்கிறது.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு மதம் மாறியதால் போய்விடாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளையின் மதம் எது என்று பார்ப்பதில்லை. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். வாரிசுரிமையில் நிலைமை வேறு. மாறிய மகனோ மகளோ இந்துத் தந்தையின் சொத்தில் தம் பங்கைப் பெறலாம். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளை, வாரிசுரிமை எழும் நாளில் அவர்கள் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாகாதபடி தடுக்கிறது. மகன் முதலில் இறந்து, பின் தாத்தா உயில் எழுதாமல் இறந்தால், தாத்தாவின் மடியில் வளர்ந்த பேரனுக்குச் சல்லிக்காசு கிடையாது. 1850-ல் ஒரு தலைமுறைக்குத் திறந்த கதவு அடுத்த தலைமுறைக்கு இன்னும் மூடித்தான் கிடக்கிறது. இந்தப் பிரிவு நியாயமற்றது; நீக்கப்பட வேண்டியது. அதுவரை, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும் பெரியவர்கள் உயில் எழுதிவிடுவதுதான் வழி.

வலிதணிப்பு மருத்துவம் நோயாளியின் உடல் வலியோடு அவருடைய ஆன்மிகத் தவிப்பையும் கவனிக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கத்திலேயே அது இருக்கிறது. அங்கே கணக்கில் வருவது நோயாளியின் நம்பிக்கைதான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது அல்ல. அம்மா கந்த சஷ்டிக் கவசம் கேட்க ஆசைப்பட்டால், கிறிஸ்தவ மகள் செல்போனில் அதை ஒலிக்கவிட்டுப் பக்கத்தில் இருப்பதில் அவளுடைய விசுவாசம் குறைந்துவிடாது. அவள் தனக்குள் செய்யும் ஜெபத்தால் அம்மாவின் முருகனுக்கும் குறைவில்லை. ஒத்துக்கொள்ளாத சபையினரும் உறவினரும் இருப்பார்கள். அவர்களில் யாரும் இரவு இரண்டு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வரப்போவதில்லை.